பீரோவில் வைத்த வைனும் மண்ணில் புதைத்த தேறலும்

போன சித்திரையில் காரியாபட்டியில் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு வைன் பாட்டில் திறந்தோம். பிரான்ஸில் வேலை பார்க்கும் அண்ணன் தைப்பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்த சிவப்பு வைன். 'எல்லாரும் சேர்ந்திருக்கிறப்ப தொறப்போம்' என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா அதைப் பத்திரமாகப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் பீரோவுக்குள் வைத்தார். தை, மாசி, பங்குனி, சித்திரை. பீரோ இருந்தது மேல்மாடி அறையில். காரியாபட்டி வெயில் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

கார்க் எடுக்கத் திருகாணி இல்லை. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கார்க்கை உள்ளே தள்ளினோம். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். எல்லோர் முகமும் ஒரே மாதிரி கோணிக்கொண்டது. பெரியப்பா மட்டும் ஒரு வாய் வைத்து, கொஞ்ச நேரம் யோசித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது காடிடா. வெயில்ல வெந்துபோச்சு. நாங்க கள்ளைக்கூட இப்படி வச்சிருக்க மாட்டோம்."

பெரியப்பாவுக்கு இப்போது 75 வயது. 1981-லிருந்து 1986 வரை தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகள் சட்டப்படி திறந்திருந்த காலத்தில் அவர் முப்பதுகளில் இருந்தவர். அன்று ராத்திரி மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். காலையில் இறக்கிய கள்ளைச் சாயங்காலம் வரை வைக்கக் கூடாது. பன்னாடையில் வடிகட்டாமல் கொடுக்கக் கூடாது. கலயத்தை நிழலில், மண்ணில் பாதி பதித்து வைக்க வேண்டும். வெறும் வயிற்றில் யாருக்கும் ஊற்றக் கூடாது. "போதும்னு சொல்லத் தெரிஞ்சவன்தான் ஊத்தணும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. பெரியப்பா சொன்ன ஒவ்வொரு விதியும் சங்கப் பாட்டுகளில் இருக்கிறது. வடிகட்டுவது, மண்ணில் புதைப்பது, தொட்டுக்கொள்ளக் கொடுப்பது, யாருக்கு எவ்வளவு என்று பார்ப்பது எல்லாமே. மதுவை எப்படிப் பரிமாறுவது என்பதற்கு நம்மிடம் இரண்டாயிரம் வருடக் குறிப்பு கிடக்கிறது. நாம்தான் அதைப் போர்ப் பாட்டு, கொடைப் பாட்டு என்று மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். அந்தக் குறிப்புகளை ஒரு இடத்தில் சேர்த்து வைக்கத்தான் இந்தக் கட்டுரை. கடைசியில், வீட்டில் ஒரு வைன் பாட்டில் இருந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்கிறேன்.

பன்னாடையும் தேறலும்

முதலில் சொற்களைப் பார்ப்போம். சங்க நூல்களில் மதுவுக்குப் பல பெயர்கள் உண்டு. கள், நறவு, மட்டு, பிழி, தோப்பி, அரியல், தேறல், மகிழ். இவற்றில் பாதிச் சொற்கள் செய்முறையிலிருந்து வந்தவை. பிழிந்ததால் பிழி. அரித்து, அதாவது வடிகட்டி எடுத்ததால் அரியல். தெளிந்ததால் தேறல். 'தேறு' என்றால் தெளிதல். 'பையன் இப்ப தேறிட்டான்' என்று நாம் சொல்கிற அதே தேறு.

ஆக, தேறல் என்பது வண்டல் கீழே தங்கி, மேலே தெளிந்து நின்ற பானம். வைன் உலகத்தில் 'டிகேன்ட்' செய்வது என்று ஒரு சடங்கு உண்டு. பழைய சிவப்பு வைனை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் தங்கியபின் மேலே இருக்கும் தெளிவை மட்டும் வேறொரு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுவது. அதைப் பார்த்துப் பிரமிக்கிறவர்கள், அந்த வேலைக்கே ஒரு பெயர் வைத்தவர்கள் நாம் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

வடிகட்டியும் பாட்டில் வருகிறது. அதியமான் இறந்தபின் அவன் நடுகல்லுக்கு முன்னால் நின்று ஔவையார் பாடும் புறநானூற்றுப் பாட்டில் (232) நாரால் அரித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றிப் படைக்கிறார்கள். மலை உயர்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். அவ்வளவு துக்கத்திலும் வடிகட்டாத கள்ளைப் படைக்கவில்லை. அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெரியப்பா சொன்ன பன்னாடை, பனை மட்டையின் அடியில் வலைபோலப் பின்னிக் கிடக்கும் நார். ஈ, தேனீ, பாளைத் தூசி எல்லாவற்றையும் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு கள்ளை மட்டும் கீழே விடும். கசடைப் பிடித்துக்கொண்டு நல்லதை விட்டுவிடுகிறவனை அதனால்தான் 'பன்னாடை' என்று திட்டுகிறோம். திட்டு தெருவில் இருக்கிறது. பன்னாடை எது என்று காட்டச் சொன்னால் இன்றைக்கு எங்கள் தெருவில் நாலு பேர் காட்டுவார்களா என்பது சந்தேகம்.

யவனர் கொண்டுவந்த குப்பி

கள்ளும் தோப்பியும் உள்ளூர்ச் சரக்கு. திராட்சை மது வெளியிலிருந்து வந்தது. அதற்குப் புறநானூறு 56-ஆம் பாட்டு சாட்சி. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடியது. காரியாபட்டியிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் மதுரைதான் களம்.

பாட்டின் கடைசிப் பகுதியில் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலில், கேட்டு வருகிறவர்களுக்கு அரிய பொருள்களைக் குறைவில்லாமல் கொடு. பிறகு, யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த, குளிர்ந்த மணமுள்ள தேறலை, பொன்னால் செய்த கிண்ணத்தில் வளையணிந்த பெண்கள் ஏந்திக் கொடுக்க, தினமும் மகிழ்ந்திரு. அப்படியே இனிதாக வாழ். 'நல்ல கலம்' என்பதைப் பழைய உரை குப்பி என்று கொள்கிறது. கலம் என்றால் கப்பலும்தான் என்பதால் அப்படிப் படிப்பவர்களும் உண்டு. எப்படிப் படித்தாலும் சரக்கு வந்த வழி ஒன்றுதான்.

அந்தக் குப்பியின் உடைந்த துண்டுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ஆம்போரா எனப்படும் இரண்டு கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் வெளிவந்தன. வைகை முகத்துவாரத்தில் இருக்கும் அழகன்குளத்திலும், கேரளத்தில் பட்டணத்திலும் ஆம்போரா ஓடுகள் கிடைத்தன. அரிக்கமேட்டுச் சாடிகளில் கணிசமானவை ஏஜியன் கடலில் இருக்கும் கோஸ் தீவின் வகை. கோஸ் வைனுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் கடல்நீர் சேர்ப்பார்கள். ரோமானிய எழுத்தாளர் கேட்டோ, கோஸ் வைனைப் போலவே வீட்டில் செய்ய ஒரு செய்முறை எழுதி வைத்திருக்கிறார். அதிலும் கடல்நீர் உண்டு. நீண்ட கடல் பயணத்தில் கெடாமல் இருக்க உப்பு ஒரு காவல்.

யவனர் தங்கள் ஊரில் வைனை அப்படியே குடிக்க மாட்டார்கள். தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள். கலக்காமல் குடிக்கிறவனை நாகரிகம் தெரியாதவன் என்பார்கள். விருந்தில் எவ்வளவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்யவே கிரேக்கர்கள் ஒரு தலைவனை நியமிப்பார்கள். 'வைன்ல தண்ணி ஊத்தினா கேவலமா நெனைப்பாங்களோ' என்று கூச்சப்படுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மொழி வணிகர் எழுதிய 'எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்' என்ற வழிகாட்டி, முசிறிக்கு வரும் இறக்குமதிப் பட்டியலில் வைனையும் சேர்க்கிறது, ஆனால் அதிகமில்லை என்கிறது. குஜராத்தின் பரூச் துறைமுகத்தில் இத்தாலிய வைனுக்குத்தான் மதிப்பு என்கிறது. அரண்மனைக்கு யவனர் தேறல். காட்டுக்கும் கடற்கரைக்கும் கள்ளும் தோப்பியும். அப்போதே இந்தப் பிரிவு இருந்தது.

நக்கீரனார் பாட்டில் 'குளிர்ந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். மணத்தையும் குளிர்ச்சியையும் அவர் சேர்த்தே சொல்கிறார். வைன் பரிமாறுவதில் பாதி வேலை இந்தக் குளிர்ச்சிதான். சிவப்பு வைனை 'ரூம் டெம்பரேச்சரில்' கொடுக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்த ரூம் ஐரோப்பாவின் பழைய கல் வீட்டு ரூம். 16, 18 டிகிரி இருக்கும். நம் ரூம் சித்திரையில் 36 டிகிரி. இந்த ஒரு வரியை அப்படியே பின்பற்றி எத்தனை பாட்டில் வீணாகிறதோ.

மண்ணில் புதைப்பது

குளிர்சாதனம் இல்லாத காலத்தில் குளிர்ச்சிக்கு என்ன செய்தார்கள்? புதைத்தார்கள். பாரியின் பறம்பு நாட்டைப் பற்றிக் கபிலர் பாடியதில் (புறநானூறு 120) நிலத்தில் புதைத்து முதிரவைத்த மட்டின் தேறல் வருகிறது. புல் வேய்ந்த குடிசைகளில் வீடுவீடாக அதைக் கொடுக்கிறார்கள். மலைப்பகுதியில் இன்னொரு வழி. திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் மூங்கில் குழாய்க்குள் விளைந்த தேன் தேறலைச் சொல்கின்றன.

புதைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. தரைக்குமேல் பகலில் 38 டிகிரி, ராத்திரியில் 27 டிகிரி என்று ஏறி இறங்கும். சில அடி ஆழத்தில் அந்த ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. மதுவைக் கெடுப்பது சூடு மட்டுமில்லை, தினமும் ஏறி இறங்கும் சூடு. ஜார்ஜியாவில் 'க்வெவ்ரி' என்ற முட்டை வடிவ மண்சாடிகளைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து இன்றும் வைன் செய்கிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. பறம்பில் செய்ததும் அதே அறிவுதான்.

எங்கள் பெரியம்மா பாட்டிலைப் பீரோவில் வைத்தது அன்பினால். ஆனால் மேல்மாடி இரும்புப் பீரோ, பகல் முழுக்கச் சுடும் ஒரு அடுப்பு.

தொட்டுக்கொள்ள என்ன?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எங்கள் மாவட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு பாட்டும் இதில் இருக்கிறது.

புறநானூறு 177. ஆவூர் மூலங்கிழார், மல்லி கிழான் காரியாதியைப் பாடியது. அந்த மல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மல்லிதான் என்று சொல்வது உண்டு. காரியாதி, காரியாபட்டி என்று பெயர் ஒலிப்பை வைத்து ஊர் வரலாறு எழுதுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்த ஆசை இல்லாமலே இந்தப் பாட்டு நல்ல பாட்டு.

பாட்டு சொல்வது இது. பெரிய மன்னர்களின் மாளிகை வாசலில் பல நாள் காத்துக் கிடந்து, கண் வெளுத்து, உடம்பு வற்றி, பாடி வாங்குகிற யானை ஒரு பக்கம். ஆதியின் ஊரில் விடியற்காலையில் கிடைக்கும் சாப்பாடு இன்னொரு பக்கம். அங்கே சின்னச் சின்ன அரண்கள். நம்மவர் என்றால் யாரும் நுழையலாம், பகை என்றால் நிலாகூட நுழைய முடியாது. அந்த அரண்களில் நிறையக் குடித்துக் கண் சிவந்தவர்களுக்கு நாக்கு புளிப்புத் தேடுகிறது. களாப்பழம் தின்கிறார்கள், துடரிப்பழம் தின்கிறார்கள். அதுவும் சலித்ததும் ஆற்று மணல்மேட்டில் ஏறி உட்கார்ந்து கறுப்பு நாவல்பழம் பறித்துத் தின்கிறார்கள். வேடர் கொண்டுவந்த முள்ளம்பன்றிக் கறியும் சோறும், வருகிறவர்களுக்குக் கணக்குப் பார்க்காமல் பனையோலைக் குடையில் கொட்டப்படுகிறது. அந்தச் சாப்பாட்டுக்கு அரசன் தரும் யானை ஈடாகாது என்று முடிக்கிறார்.

பனங்குடை இன்னும் செத்துப்போகவில்லை. ரோட்டோரத்தில் பதநீர் விற்பவர் ஓலையை மடித்துக் கொடுக்கும் பட்டை அதன் வாரிசு. அதில் நுங்கையும் மாங்காய்த் துண்டையும் போட்டுத் தருகிறார்களே, அந்த மாங்காய்தான் களாவும் துடரியும் செய்த வேலையைச் செய்கிறது. இனிப்பும் புளிப்பும் கலந்த பானத்தோடு இன்னொரு புளிப்பு.

மற்றப் பாட்டுகளிலும் தேடினால் ஒரு முழு மெனு கிடைக்கிறது. கபிலரின் பறம்பில், புதைத்த தேறலோடு மணக்கும் நெய்யில் கடலையை வறுத்துச் சோறும் ஆக்குகிறார்கள். பாரில் முதலில் வந்து விழும் கடலைக்கு இவ்வளவு வயது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் வீட்டு மதுவின் செய்முறையையே கொடுத்துவிடுகிறார். அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, நெல்முளை அடையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு கழித்து, சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்த மது. அதோடு சுட்ட மீன். வழிநடந்து வரும் பாணர்களுக்கு இது கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறார்.

இங்கே ஒரு விஷயம். பழைய தமிழில் கள்ளைக் குடிப்பதில்லை, உண்பது. வள்ளுவர் எதிர்த்து எழுதிய அதிகாரத்துக்கும் பெயர் கள்ளுண்ணாமைதான். மது ஒரு சாப்பாட்டுப் பொருள். பந்தியின் ஒரு பகுதி. பக்கத்தில் சோறும் மீனும் கடலையும் புளிப்பும் இருக்கும். எதிரில் ஒரு ஆள் இருப்பான்.

பந்தி விசாரிப்பு

அந்த எதிரில் இருக்கும் ஆள்தான் முக்கியம். அதியமான் இறந்ததைப் பாடும் இன்னொரு பாட்டில் (புறநானூறு 235) ஔவையார் சொல்கிறார்: கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவைத்து, தானும் மகிழ்ந்து உண்பான். அளவு குறைந்தால் விருந்தாளிக்கு, நிறைந்தால் எல்லோருக்கும். மது பரிமாறுவதற்கு இதைவிடச் சுருக்கமான விதி நான் எங்கும் படித்ததில்லை.

வைன் பரிமாறுபவருக்குப் பிரெஞ்சில் 'சொம்மெலியே' என்று பெயர். நம்மிடம் அதற்கு நல்ல பெயர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, தமிழ் பைபிளில். கானா ஊர்க் கல்யாணத்தில் திராட்சரசம் தீர்ந்துபோய், இயேசு தண்ணீரை ரசமாக்கிய கதையில், அதை முதலில் ருசி பார்க்கிறவர் 'பந்திவிசாரிப்புக்காரன்'. ருசி பார்த்துவிட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு ஆச்சரியப்படுகிறார். எல்லோரும் நல்லதை முதலில் கொடுத்து, ஜனங்கள் திருப்தியாகக் குடித்தபிறகு மட்டமானதை இறக்குவார்கள், நீ நல்லதைக் கடைசிவரை வைத்திருக்கிறாயே என்று.

விசாரிப்பு என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். நம் ஊர்ப் பந்தியில் 'அங்க ரசம் கேக்குறாக பாரு', 'அவுகளுக்குப் போதுமான்னு கேளு' என்று நடந்துகொண்டே இருப்பாரே ஒருத்தர், அவர் வேலை. யார் இலை காலி, யார் கைநீட்டி மறிக்கிறார், எல்லாம் அவர் கண்ணில் இருக்கும். மதுவுக்கும் அந்தக் கண் ஒரு காலத்தில் இருந்தது.

குவார்ட்டர் கணக்கு

எங்கள் பெரியப்பா வீட்டு ஹாலில் மாலை போட்ட ஒரு போட்டோ இருக்கிறது. சித்தப்பா. 44 வயதில் கல்லீரல் போய் இறந்தார். அவர் கள் குடித்தவர் இல்லை. கடையில் கட்டிங் வாங்கி, நின்றுகொண்டே, அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிட்டு வருகிறவர்.

அந்தப் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு குவார்ட்டர் 180 மி.லி. பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதாவது ஒரு குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் 77 மி.லி. வைனில் 13 சதவீதம் என்று வைத்தால், 750 மி.லி. பாட்டில் முழுவதிலும் இருப்பது சுமார் 97 மி.லி. ஒரு குவார்ட்டர் என்பது கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பங்கு வைன் பாட்டில். 5 சதவீதக் கள்ளாக இருந்தால் ஒன்றரை லிட்டர். ஒன்றரை லிட்டர் கள்ளை அஞ்சு நிமிஷத்தில் குடிக்க முடியாது, வயிறே மறித்துவிடும். குவார்ட்டருக்கு அந்த மறிப்பு இல்லை. நின்று குடிக்கிற கவுண்டரில் பந்தி விசாரிப்பவரும் இல்லை.

நாம் இந்த இடத்துக்கு வந்த கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. விருதுநகர்க்காரரான காமராஜர் முதல்வராக இருந்த 1954 முதல் 1963 வரையிலும் அது நீடித்தது. 1971-இல் தளர்ந்து, 1974-க்குள் மறுபடி மூடி, 1981-இல் மறுபடி திறந்து, 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. சாராயம் 1990-இல் மலிவு விலை மதுவாகத் திரும்ப வந்து அடுத்த வருடமே போனது. கள் திரும்பவில்லை. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003-இலிருந்து சில்லறைக் கடைகளையும் நடத்துகிறது. பனைமரம் இருக்கிறது, பாளை சீவத் தெரிந்தவரும் இருக்கிறார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள், தடவாதது குற்றம். 42.8 சதவீதம் கவுண்டரில் சட்டப்படி கிடைக்கிறது.

இந்தப் பகுதியின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. 1910-இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம், சமூகத்தின் முன்னேற்றத்துக்காகக் கள் இறக்குவதை விடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி போன்ற ஊர்களின் வியாபாரிகள் அந்த முடிவில் உறுதியாக நின்றார்கள். கள்ளை யாரோ வெளியிலிருந்து வந்து தடுத்ததாக மட்டும் சொன்னால் அது பொய்.

நான் பெரியப்பா சொன்னதையே பெரிதாக எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பெரியம்மா அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தை சொன்னார். "கள்ளுக்கடை இருந்தப்பவும் பொம்பளைங்க அழுதுக்கிட்டுத்தான்டா இருந்தோம். அதையும் எழுது."

எழுதிவிட்டேன். வள்ளுவரும் எழுதியிருக்கிறார். பெற்ற தாய் முகத்திலேயே குடித்தவனைப் பார்த்தால் வருத்தம் வரும், பிறகு சான்றோர் முகத்துக்கு என்ன சொல்ல என்று கேட்கிறார். சங்கப் பாட்டில் அதியமான் ஊற்றும் கள்ளைப் பார்க்கிற கண்ணோடு இதையும் பார்க்க வேண்டும். ஊற்றுகிறவனைப் பாடியவர்கள் உண்டு. வீட்டில் காத்திருந்தவளைப் பாட வள்ளுவர்தான் வர வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது. குடிக்காதவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துத் தொடங்க வேண்டாம்.

வீட்டில் ஒரு பாட்டில் இருந்தால்

இருந்தே தீரும். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவருவார்கள். எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம் என்பதற்காக:

ஒன்று, பீரோ வேண்டாம், பிரிட்ஜுக்கு மேலேயும் வேண்டாம். அங்கே சூடு. வீட்டில் தரைத்தளத்தில் இருட்டான, குளுமையான மூலையில், கார்க் உள்ள பாட்டிலைப் படுக்கவைத்து வையுங்கள். கார்க் காயாமல் இருக்கும். நம் கோடைக்கு அதுவும் போதாது. மாசி தாண்டுவதாக இருந்தால் பிரிட்ஜிலேயே வையுங்கள்.

இரண்டு, சிவப்பு வைன் 14 முதல் 18 டிகிரி, வெள்ளை 8 முதல் 12. வெளியில் இருந்த சிவப்பு பாட்டிலை ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரிட்ஜில் வைக்கலாம். அவசரம் என்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி போட்டு 15, 20 நிமிஷம். ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலைச் சுற்றிக் காற்று நிற்கும், சீக்கிரம் குளிராது. கரண்ட் இல்லையா? ஈரத்துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வையுங்கள். எங்கள் ஊர் வறண்ட காற்றுக்கு மண்பானை வேலை செய்வது போலவே இதுவும் வேலை செய்யும்.

மூன்று, பழைய சிவப்பு வைனாக இருந்தால் முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள். மெதுவாக ஊற்றி, அடியில் ஒரு விரற்கடை விட்டுவிடுங்கள். நம் ஸ்க்ரூடிரைவர் வேலை மாதிரி கார்க் உள்ளே போய்விட்டால் டீ வடிகட்டியில் வடிகட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அரியல் என்று பெயரே இருக்கிறது.

நான்கு, எவர்சில்வர் டம்ளரைவிடக் கண்ணாடி டம்ளர் நல்லது. நிறமும் தெரியும், மணமும் தெரியும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். மேலே இருக்கும் காலி இடத்தில்தான் மணம் நிற்கும்.

ஐந்து, வெறும் வயிற்றில் வேண்டாம். நெய்யில் வறுத்த கடலை, சுட்ட மீன் இரண்டும் இன்றும் பொருந்தும். மீனுக்கு வெள்ளை வைன். மிளகுக் கறிக்குச் சிவப்பு. காரம் அதிகமான சாப்பாட்டோடு ஆல்கஹால் அதிகமான வைன் எரிச்சலைக் கூட்டும், கொஞ்சம் இனிப்புள்ள வெள்ளை வைன் அதைத் தணிக்கும். புளிக்குழம்பு மாதிரி கடும் புளிப்போடு மந்தமான வைன் சப்பென்று போய்விடும். அந்த மாதிரிச் சாப்பாட்டுக்குப் புளிப்புள்ள வைனாகப் பாருங்கள்.

ஆறு, திறந்ததை அன்றே முடிக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. மூடி பிரிட்ஜில் வைத்தால் மூன்று, நாலு நாள் தாங்கும். அதற்கப்புறம் பெரியப்பா சொன்ன காடிதான்.

ஏழு, ஊற்றுவதற்கு ஒரு ஆள் வையுங்கள். அவரவர் ஊற்றிக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பொங்கலுக்கு அண்ணன் மறுபடி வருகிறார். பாட்டிலோடு வருவதாகத்தான் சொன்னார். இந்த முறை தானியம் கொட்டிவைக்கும் கீழ் அறையில் வைக்கப் போகிறோம். ஊற்றும் வேலையைப் பெரியப்பா கேட்டார். பெரியம்மா, "நான் ஊத்துறேன், எனக்குத்தான் போதும்னு சொல்லத் தெரியும்" என்றார். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை.